சயாம்காரர் லாரியில் ஏறிய நாள்

சயாம்காரரைச் சாப்பிடக் கூப்பிடுகிறவர் வெறும் வயிற்றோடு போய்க் கூப்பிடுவது நல்லது. என் கல்யாணத்தில் என் மாமனாருக்கு இந்த விஷயம் தெரியாது. அவர் நன்னிலத்துக்காரர். முதல் பந்தியிலேயே உட்கார்ந்து, பாயசத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டபடி பந்தலைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஓரமாக நின்ற சயாம்காரரைப் பார்த்ததும் கையைப் பிடித்தார்.

“வாங்க பெரியவரே, இலை போட்டாச்சு.”

“நீங்க உக்காரலையா?”

“நான் அப்பவே ஆச்சுங்க.”

“எப்ப ஆச்சு? நான் பாக்கலையே.”

மாமனார் சிரித்தார். சயாம்காரர் சிரிக்கவில்லை. கூப்பிட்டவர் பக்கத்து இலையில் உட்கார்ந்து ஒரு வாயாவது சாப்பிட்டால்தான் தானும் உட்காருவேன் என்று நின்றார். சம்பந்தி ஊரில் எதற்கு வம்பு என்று மாமனார் மறுபடியும் உட்கார்ந்தார். ஒரு வாய் என்கிற கணக்கெல்லாம் பரிமாறுகிறவர்களுக்கு உண்டா? சாம்பார், ரசம், மோர் என்று முழுச் சாப்பாடும் உள்ளே போனது. “உங்க ஊர்ல என்னைக் கொல்லப் பாத்தாங்க மாப்ள” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார் மனுஷன்.

சயாம்காரர் எங்கள் ஊர்க் கீழத்தெருவில் தனியாக இருந்தார். கூலி வேலை. வரப்பு வெட்டுவது, வரப்போரத்தைச் செதுக்கி அண்டை கழிப்பது, வாய்க்கால் தூர் எடுப்பது. அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியாதே. மூன்றாம் வகுப்பு வரை படித்ததாக நான் வெளியே சொல்லிக்கொள்வேன். மூன்றாம் வகுப்பு வரை போனது நிஜம். படித்தேனா என்பதை அந்த வாத்தியாரைத்தான் கேட்க வேண்டும், அவரும் கண்ணீர் விடுவார். பிற்பாடு ரைஸ்மில் லாரிக்கு டிரைவர் ஆனபோது ஊர்ப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றுக்கொண்டேன். அதனால் இன்றைக்கும் எனக்கு ஊர்ப் பெயர்கள் நன்றாக வரும். ஆட்களின் பெயர்தான் தடுமாறும்.

சண்டைக் காலத்தில் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர் அவர். ஜப்பான்காரன் தோட்டத்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய்ச் சயாம் காட்டில் ரயில் பாதை போட வைத்தான். போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை என்பார்கள். இவர் திரும்பினார். சண்டை முடிந்த பிறகு பினாங்கிலிருந்து கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கி, அங்கிருந்து நடந்தே ஊருக்கு வந்தார். பஸ்ஸுக்குக் காசில்லாமல் இல்லை. ஏற மாட்டார். பஸ், லாரி, ரயில் எதிலும் ஏற மாட்டார். மாட்டு வண்டி மட்டும் பரவாயில்லை. மாட்டுக்குச் சூது தெரியாது என்பார்.

ஊரில் அவரை ஞாபகம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பது அந்த ஒரு கேள்வியைத்தான். யார் எதற்குக் கூப்பிட்டாலும் கேட்பார். “நீ வர்றியா?”

கருத்தடை முகாம் நடத்த ஒரு வேன் வந்தது. பிளாஸ்டிக் வாளி இனாம் என்றதும் தெருவே கூடிவிட்டது. சயாம்காரர் நேராக டாக்டரிடம் போனார். கண்ணாடி போட்ட சின்ன வயசுக்காரர்.

“ஐயா, நீங்க பண்ணிக்கிட்டீங்களா?”

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க.”

“அப்படியா. கல்யாணம் கட்டி, பிள்ள பெத்து, பண்ணிக்கிட்டு வாங்க. நாங்க எங்க போயிடப் போறோம்?”

வேன் போகும்போது பாதி வாளி திரும்பிப் போனது. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை என்றாலும் வாளி கிடைக்கவில்லையே என்று வருத்தம்தான்.

இன்னொரு சமயம் கட்சி மாநாடு. கிளைச் செயலாளர் வந்து கீழத்தெருவையே திரட்டினார். தஞ்சாவூருக்கு லாரி, ஆளுக்கு ஒரு பொட்டலம் பிரியாணி, கையில் கொஞ்சம் செலவுக்கு. சயாம்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“தம்பி, நீங்க லாரியில எந்தப் பக்கம் உக்காருவீங்க?”

“நான் கார்ல வந்துர்றேன் பெரியவரே, தலைவர் கூட.”

“அப்ப நாங்களும் கார்லயே வந்துர்றோம். கொஞ்சம் நெருக்கி உக்காந்துக்கிறோம்.”

தெரு சிரித்தது. செயலாளருக்கு முகம் சுண்டியது. கீழத்தெருவில் ஒருத்தர் ஏறவில்லை. அந்த லாரி பக்கத்து ஊர் ஆட்களோடு போய், திரும்பி வரும்போது வளைவில் கவிழ்ந்தது. கைகால் முறிந்தவர்கள் நிறைய. ஓட்டியது நான் இல்லை. நானாக இருந்தால் போகும்போதே கவிழ்த்திருப்பேன். அன்றிலிருந்து சயாம்காரர் தலையாட்டாமல் கீழத்தெருப் பெண்கள் ஊசி போட்டுக்கொள்ளக்கூடப் போவதில்லை. நர்சம்மா முதலில் தன் பிள்ளைக்குப் போட்டுக் காட்டிய கதையெல்லாம் உண்டு.

சயாம் கதையை அவர் முழுசாகச் சொன்னதே இல்லை. டீக்கடையில் நான்தான் நோண்டுவேன். எனக்கு அவர் பெரியப்பா முறை. ரத்தச் சொந்தம் கிடையாது, ஊர்முறை. அதனால் கிண்டல் செய்ய எனக்கு உரிமை இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

“பெரியப்பா, சயாம்ல என்ன படம் பாத்தீங்க?”

தோட்டத்தில் சினிமா காட்டுகிறோம் என்று சொல்லித்தான் கூட்டத்தைக் கூட்டினார்களாம். வெள்ளைத் துணிகூடக் கட்டியிருந்ததாம். ஆள் சேர்ந்ததும், படப்பெட்டி பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறது, எல்லோரும் லாரியில் ஏறுங்கள் என்றார்களாம்.

சயாம்காரர் டீயை ஊதிக்கொண்டே பதில் சொல்வார்.

“இன்னும் போடலடா.”

கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஒரு நாள் மட்டும் சிரிப்பு அடங்கிய பிறகு அவராகவே பேசினார்.

“தோட்டத்துக் கிராணி இருந்தான். கணக்கப்பிள்ள மாதிரி. தமிழாளுதான். அவன்தான் ஏறு ஏறுன்னு கத்துறான். அவன் பொண்டாட்டி படியில நிக்கிறா, இடுப்புல பிள்ள. அவ ஏறல. பிள்ளைக்கு வேடிக்க காட்டிக்கிட்டு நிக்கிறா. நான் அதப் பாத்தேன். லாரியில இருந்து அவளுக்குக் கையக்கூட ஆட்டுனேன்.”

“யாரு யாரு போனீங்க?”

“போனோம்” என்றார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

எப்போதும் அப்படித்தான். போனோம், நடந்தோம், வாந்திபேதி வந்தது என்பார். அந்தப் ‘போனோம்’ என்பதற்குள் யார் இருந்தார்கள் என்று சொல்ல மாட்டார். கீழ்வேளூர் ரயில்வே கேட்டை அவரோடு நடந்து கடந்தால் வேடிக்கையாக இருக்கும். தண்டவாளத்துக்கு நடுவே கிடக்கும் கட்டைகளில் கால் படாமல், கொக்கு மாதிரி தூக்கித் தூக்கி வைப்பார். நானும் பின்னாலேயே அதே மாதிரி நடந்து காட்டிக் கூட்டாளிகளைச் சிரிக்க வைப்பேன். ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

“மிதிக்காம வர்றியா? நல்லது. அடியில ஆளு இருக்கும்” என்றார்.

அதற்குப் பிறகு நான் அப்படி நடந்து காட்டவில்லை.

புயல் வந்த அன்று காலையிலிருந்தே ரேடியோ கத்திக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் வந்து, ரைஸ்மில் லாரியை என்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். தாழ்ந்த தெருக்களில் இருக்கிற சனங்களைக் கீழ்வேளூர்ப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எங்கள் ஊரில் தாழ்ந்தது கீழத்தெருதான். ஆற்றங்கரையை ஒட்டி, வயலைவிடப் பள்ளத்தில் மண்சுவரும் கீற்றுக் கூரையுமாக இருக்கும். நான் போய்ச் சேர்ந்தபோது ஆறு கரைக்கு ஒரு சாண் கீழே ஓடிக்கொண்டிருந்தது. தென்னை மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஆடின.

ஆபீஸ்காரர் கையில் மைக். மழையில் நனைந்து குரல் கம்மிப்போயிருந்தது.

“எல்லாரும் லாரியில ஏறுங்க! பள்ளிக்கூடத்துல சாப்பாடு இருக்கு! பாய் இருக்கு! சீக்கிரம் ஏறுங்க!”

சனங்கள் மூட்டையும் பிள்ளைகளுமாக வெளியே வந்தார்கள். அப்போது சயாம்காரர் வந்து லாரிக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றார்.

“ஐயா, நீங்க ஏறுறீங்களா?”

“நான் அடுத்த ஊருக்குப் போகணும்யா. ஜீப்பு நிக்குது பாரு.”

சொன்னது நியாயம். அந்த மனுஷனுக்கு அன்றைக்கு இன்னும் எத்தனையோ தெரு பாக்கி. ஆனால் சயாம்காரர் வேண்டாம் என்று தலையாட்டினார். அந்த ஆட்டலைப் பார்த்ததும் தூக்கின மூட்டைகளைச் சனங்கள் கீழே வைத்தார்கள்.

நான் கேபினிலிருந்து குதித்தேன்.

“பெரியப்பா, நான்தானே ஓட்டுறேன்! என் மூஞ்சியப் பாருங்க. உங்களக் கடத்திட்டுப் போய் நான் என்ன பண்ணப் போறேன்? ஒருவேளச் சோறு போடக்கூட எனக்கு வக்கில்ல.”

யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. குளிரால் என்று நினைத்தேன்.

“ஓட்டுறவன் அப்பவும் ஓட்டிக்கிட்டுத்தான்டா போனான். உன் பொண்டாட்டி எங்க?”

“வீட்ல. பிள்ள பெத்துப் படுத்திருக்கா. உங்களுக்குத் தெரியாதா?”

“அவ ஏறல.”

“அவ எதுக்கு ஏறணும்? மேட்டுத்தெரு, மில்லுக்காரர் கட்டுன காங்கிரீட்டு வீடு. அங்க தண்ணி வராது.”

“கிராணி வீடும் மேட்லதான் இருந்துச்சு” என்றார்.

ஆபீஸ்காரர் போலீஸைக் கூப்பிடுகிறேன் என்று கத்தினார். அது இன்னும் மோசம். போலீஸ் என்றதும் ரெண்டு பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு குடிசைக்குள் போய்விட்டார்கள். ஆற்றுத் தண்ணீர் கரையின் தாழ்ந்த இடத்தில் லேசாக எட்டிப் பார்த்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. லாரியைத் திருப்பிக்கொண்டு மேட்டுத்தெருவுக்குப் போனேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. வாசலில் நின்று பெண்டாட்டியிடம் புலம்பினேன், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது.

அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

“அங்க பிள்ளைங்க நெறைய இருக்கா?”

“முக்காவாசி பிள்ளைங்கதான்.”

“நான் ஏறுனா அவங்க ஏறுவாங்களா?”

என் மாமியார் உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

“அடி பாவி! தீட்டுக்கூடக் கழியல. பச்ச உடம்பு. பிள்ளைக்கு இன்னும் பேருகூட வைக்கல. இந்தக் காத்துல லாரியிலயா? இவருதான் கூறுகெட்டவருன்னா உனக்குமா?”

கூறுகெட்டவர் என்றது என்னைத்தான். நான் மறுக்கவில்லை.

“அம்மா, அந்தப் பழைய வேட்டிய எடு” என்றாள் அவள். பிள்ளையை வேட்டியில் சுற்றி மாரோடு கட்டினாள். யூரியாச் சாக்கு ஒன்றைக் கொங்காணியாக மடித்துத் தலையிலிருந்து இடுப்புவரை போட்டுக்கொண்டாள். நடவு நடுகிறபோது மழைக்கு எல்லோரும் போடுகிறதுதான். லாரியில் ஏற நான் கை கொடுத்தேன். அவள் கை சுட்டது. எனக்கு அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை. லாரி கிளம்பிவிட்டது.

கீழத்தெருவில் இப்போது தண்ணீர் முழங்காலுக்கு. சயாம்காரர் அதே இடத்தில் நின்றார். கேபினில் என் மனைவியைப் பார்த்தார்.

“முன்னாடி இல்லம்மா” என்றார். “பின்னாடி. எல்லார் கூடவும்.”

“பெரியப்பா!” என்று கத்தினேன். “ரொம்பப் பண்றீங்க! பச்சப்புள்ள அது! நனைஞ்சா செத்துரும்!”

“இவங்க பிள்ளைங்களும் நனையுதுடா.”

அடித்திருப்பேன் அவரை. நிஜமாகவே கை ஓங்கிவிட்டேன். அதற்குள் அவள் கேபினிலிருந்து இறங்கி, தண்ணீரில் நடந்து பின்பக்கம் போனாள். கீழத்தெருப் பெண்களே கைபிடித்துத் தூக்கிவிட்டார்கள். அவள் ஏறினதும் தெருவே ஏறியது. மூட்டை, ஆடு, கோழி, கிழவர், குழந்தை எல்லாம். தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள். கடைசியாக அவர் மட்டும் கீழே நின்றார். பின்பலகையில் கை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கால் எழும்பவில்லை. அவர் வேட்டியிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணியா, வேறா என்று நான் பார்க்கவில்லை. ரெண்டு பேர் அக்குளில் கைகொடுத்து இழுத்துப் போட்டார்கள்.

கீழ்வேளூர் ஒன்றும் தூரமில்லை. ஆனால் வழியில் மரம் விழுந்து கிடந்தது. ஆட்களோடு இறங்கி வெட்டி நகர்த்தினோம். தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு பறந்து வயலில் விழுந்தது. கண்ணாடி வழியாகப் பின்னால் பார்க்க முடியவில்லை, அத்தனை மழை. பள்ளிக்கூட வாசலில் நிறுத்திவிட்டுப் பின்பக்கம் ஓடினேன்.

பிள்ளை அழவில்லை. உதடு நீலமாக இருந்தது.

என் மனைவி என்னைப் பார்க்கவேயில்லை. கீழத்தெருப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, ஈரத் துணியை எல்லாம் உருவிப் போட்டுவிட்டு, பிள்ளையை ஒருத்தி மார்மேல் வெறும் உடம்போடு ஒட்டவைத்து முதுகைத் தேய்த்தார்கள். அவள் உடம்பு குளிர்ந்ததும் அடுத்தவள் வாங்கிக்கொண்டாள். அப்படியே கைமாறிக் கைமாறிப் போனது. ஆண்களை வெளியே போகச் சொன்னார்கள். நான் தாழ்வாரத்தில் நின்றேன். சயாம்காரர் தாழ்வாரத்துக்குக்கூட வரவில்லை. முற்றத்தில் மழையில் நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஒரு கிண்டல்கூட வாயில் வரவில்லை. இது செத்தால் இவரைக் கொன்றுவிடுவேன் என்று மட்டும் தெளிவாக இருந்தது.

உள்ளேயிருந்து கத்தல் கேட்டது. பூனைக்குட்டி கத்துவது மாதிரி, பிறகு பெரிசாக.

பெண்கள் சிரிக்கிறார்கள், அழுகிறார்கள், ஒன்றும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.  சயாம்காரர் தாழ்வாரத்து ஓரம்வரை வந்தார். கதவுப் பக்கம் பார்க்காமல் என் மனைவிக்குக் கேட்கிற மாதிரி பேசினார்.

“நான் கேட்டிருக்கக் கூடாதும்மா.”



“எங்க ஆத்தா ஏற மாட்டேன்னுச்சு. அதுக்கு எதுலயும் சந்தேகம். நான் மீசை மொளைக்காத பய, எனக்குப் படம் பாக்கணும். வா வான்னு கையப் பிடிச்சு இழுத்தேன். ‘நீ வர்றியாடா?’ன்னு கேட்டுச்சு. ‘நான் வர்றேனே ஆத்தா’ன்னேன். தம்பியத் தூக்கிக்கிட்டு ஏறிடுச்சு.”

மழைச் சத்தத்தில் அவர் குரல் போய்ப் போய் வந்தது.

“அது கேட்டதுலயும் தப்பில்ல. நான் சொன்னதுலயும் பொய்யில்ல. ரெண்டும் இருந்தும் ஆத்தாளும் தம்பியும் அங்கயே போயிட்டாங்க.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஊரையே அதட்டிக் கேட்ட கேள்வி அவருடையதே இல்லை. அதற்கு உண்மையான பதில் சொன்னாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். தெரிந்துகொண்டேதான் இத்தனை காலமும் கேட்டிருக்கிறார்.

கதவு திறந்தது. என் மனைவி பிள்ளையோடு நின்றாள். ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தேன். அவள் அந்த ஜாதி இல்லை.

“மாமா, அந்தப் பக்கம் ஜன்னலுக்குக் கதவு இல்ல. காத்து நேரா பிள்ள மேல அடிக்குது. வந்து முதுகக் குடுத்து உக்காருங்க.”

அவர் தயங்கினார்.

“சீக்கிரம் வாங்க மாமா. நான் மழையில இறங்கி வந்து கூப்பிடணுமா?”

தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போய் அந்த ஜன்னலை அடைத்து உட்கார்ந்தார். காற்று ஓயும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. யாரோ சோறு கொண்டுவந்து நீட்டினார்கள். ஒன்றும் கேட்காமல் வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது.

மறுநாள் காலையில் வெயிலே அடித்தது. கீழத்தெருவில் ஒரு சுவர்கூட நிற்கவில்லை என்று செய்தி வந்தது. ஊருக்குத் திரும்ப எல்லோரும் லாரியில் ஏறினார்கள். முந்தின நாள் அவருக்குப் பின்னால் மூட்டையை இறக்கி வைத்தவர்கள்தான் இப்போது பேசினார்கள்.

“இந்தாளு பேச்சக் கேட்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருந்தா எல்லாரும் பொணம்தான்.”

“சயாம்ல போகாத உசுர இங்க வந்து எடுக்கப் பாத்தாரு.”

அவர் காதில் விழுந்தது.  லாரியில் ஏறவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டில் நடக்க ஆரம்பித்தார்.

ரோடு முழுக்க கிளையும் சேறும். அவர் நட்டநடுவில் நடந்தார். நான் ஹாரன் அடித்தேன். பின்னால் இருந்தவர்களும் கத்தினார்கள், ஓரமாகப் போகச் சொல்லு, வீடு என்ன கதியில் கிடக்கிறதோ என்று. அவர் திரும்பவில்லை. இடது பக்கம் ஒரு லாரி போகிற அளவுக்கு இடம் இருந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன்.

பக்கத்தில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“முந்தாதீங்க” என்றாள்.

முதல் கியரில் போட்டேன். பின்னால் திட்டினார்கள், பலகையைத் தட்டினார்கள். கொஞ்ச தூரம் போனதும் அதுவும் நின்றது. அவர் முன்னால் நடக்க, நாங்கள் பின்னால் உருண்டோம். ஊர் போய்ச் சேரும்போது மத்தியானமாகிவிட்டது.